மூன்றாவது ராஜா எங்கே போனார்?

"ஐயையோ, ஒரு ராஜாவைக் காணோம்!"

அருள்நாதன் போட்ட கூச்சலில், அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். சவரம் செய்துகொண்டிருந்த அப்பா சவரிநாதன், பாதி முகம் நுரையோடு எட்டிப் பார்த்தார். ரோசம்மாள் மட்டும் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு அரைப் பரீட்சை லீவில் எழுந்திருக்க என்ன அவசரம்?

தென்னூரில் அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்குக் கூடத்து மூலையில் குடில் வைப்பார்கள். குழந்தை யேசு, மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் குடிலுக்குள் இருக்கும். மூன்று ராஜாக்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். அவர்கள்தான் நட்சத்திரத்தைப் பார்த்துத் தூரதேசத்திலிருந்து வருகிறவர்கள் ஆயிற்றே! அதனால் அந்த மண் சுரூபங்களை ஜன்னலோரம் நீளப் பெஞ்சின் ஒரு கோடியில் வைப்பார்கள். தினமும் காலையில் அருள்நாதன் அவர்களை ஒரு சாண் நகர்த்துவான். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று அவர்கள் குடிலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

இப்போது பெஞ்சின் மேல் இரண்டே ராஜாக்கள் நின்றார்கள்.

"நேத்துக்கூட மூணு பேரையும் நான்தான் நகர்த்தினேன். என் ஞாபகம் தப்பாது" என்றான் அருள்நாதன்.

அவன் காலேஜில் படிக்கிறவன். திருச்சியிலிருந்து சென்னை வரை ஸ்டேஷன் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். மனதைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் வேறு படித்தான். "ஞாபகம்னா ஒரு அலமாரி மாதிரி. பாத்தது, கேட்டது எல்லாம் அதுல அடுக்கி இருக்கும். வேணும்ங்கிறப்போ கைய விட்டு எடுக்க வேண்டியதுதான்" என்று வீட்டில் எல்லோர் காதையும் புளிக்க வைத்திருந்தான்.

பக்கத்து வீட்டு சகாயம்மாள் அத்தையும் வந்துவிட்டார். "நானும் பாத்தேனே! நேத்து சாயங்காலம் மூணு பேரும் ஜம்முனு நின்னாங்க. அந்தச் செல்லக்கிளிப் பொண்ணுகூட ஒரு ராஜாவைக் கையில எடுத்துப் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அடுத்த தெருவில் குதிரைவண்டி ஓட்டும் காத்தானின் மகள்தான் செல்லக்கிளி. ரோசம்மாளின் உயிர்த்தோழி. நாளை மறுநாள் அவர்கள் குடும்பம் ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோகிறது.

அந்த நேரம் பார்த்தா அவள் வாசலில் வந்து நிற்க வேண்டும்! அத்தை சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருந்தது.

"நான் எடுத்துப் பாத்துட்டுத் திரும்ப அங்கேயே வெச்சுட்டேங்க" என்றாள். அடுத்த நிமிஷம் ஓடிவிட்டாள்.

"போகட்டும் விடுங்க, சின்னப் பொண்ணு. ஆசைப்பட்டு எடுத்திருக்கும்" என்றார் அம்மா.

ரோசம்மாளுக்கு அந்த இரக்கம்தான் இன்னும் வலித்தது. செல்லக்கிளி எடுத்திருக்க மாட்டாள்! ஆனால் கண்ணை மூடினால் அவள் மனத்திலும் மூன்று ராஜாக்கள்தான் வரிசையாக நின்றார்கள். அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது.

சாயங்காலம் அம்மா அவளை நஜிமுதீன் பாய் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் பையைக் கொட்டிப் பார்த்தார்.

"புளி எதுக்குடி வாங்கினே?"

"நீதானேம்மா சொன்னே!"

"நான் மிளகு, சீரகம், பருப்பு, பூண்டுதானே சொன்னேன்."

"இல்லம்மா, புளின்னு சொன்னே. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!"

அம்மா சிரித்தார். "அடியே, இன்னைக்கு வைக்கப்போறது எலுமிச்சை ரசம். பழத்தை நறுக்கி வெச்சுட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். எலுமிச்சை ரசத்துக்கு எவளாவது புளி கேப்பாளா?"

ரோசம்மாள் வாயைப் பிளந்தபடி நின்றாள். அம்மா சொல்வது நியாயம்தான். ஆனால் அவள் காதுக்குள் அம்மாவின் குரல் இன்னும் 'புளி' என்று சொல்லிக்கொண்டிருந்ததே! சொல்லாத வார்த்தை எப்படிக் கேட்டது?

மிளகு, சீரகம், பருப்பு என்றால் கூடவே புளியும் வாங்குவது பழக்கம். வழக்கமாக வருகிற ஆள் வராவிட்டாலும், மனசு தானே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டது.

'அப்படின்னா ராஜா?' என்று நினைத்தாள். எத்தனை வருஷமாக அவர்கள் மூன்று பேர்!

மறுநாள் காலை அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, உன் அலமாரிக்கு ஒரு பரீட்சை வைக்கட்டுமா?"

"வை, வை!" என்று சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டான் அருள்நாதன்.

ரோசம்மாள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "பாய், தலையணை, போர்வை, கொட்டாவி, குறட்டை, கனவு, தொட்டில், தாலாட்டு, இருட்டு, கட்டில்."

பிறகு வேண்டுமென்றே அவனை வேர்க்கடலை உரிக்க வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ சொல்லு" என்றாள்.

"பாய், தலையணை, போர்வை, கனவு, குறட்டை, தூக்கம், தொட்டில்..."

"நில்லு! தூக்கமா? நான் தூக்கம்னு சொன்னேனா?"

"சொன்னியே! சத்தியமா சொன்னே."

"சொல்லலைடா. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

அருள்நாதன் கடலையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான்.

"சரி, அதை விடு. மூணாவது ராஜா எப்படி நின்னாரு?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

"கையில பெட்டியோட, வலது பக்கம்."

"அம்மா, நீ சொல்லு."

"முழங்கால் போட்டுக்கிட்டு இருந்தாரே."

ரோசம்மாள் சுவருக்கு அந்தப்பக்கம் குரல் கொடுத்தாள். "அத்தை, மூணாவது ராஜா எப்படி இருந்தாரு?"

"ஒட்டகத்து மேல உக்காந்திருந்தாரு கண்ணு!"

குடிலில் ஒட்டகமே கிடையாது.

"அண்ணே, ஞாபகம் அலமாரி இல்ல" என்றாள் ரோசம்மாள். "அது குழம்பு. ஒவ்வொரு தடவையும் புதுசா வைக்கிறோம். இல்லாத புளியையும் நாமளே கரைச்சு ஊத்திடறோம்."

அருள்நாதன் தலையைச் சொறிந்தான். "அப்போ இந்த வருஷம் பெட்டியிலிருந்து எடுக்கறப்பவே ரெண்டு பேர்தான் இருந்தாங்களா? அவசரத்துல நான் கவனிக்கலையா?"

"இருக்கலாம். போன வருஷம் சுரூபம் எல்லாம் கட்டி வெச்சது யாரு?"

"நான்தான்" என்றார் அம்மா. "ஆனா ஒரு வருஷம் ஆச்சே. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடி."

"ஞாபகப்படுத்திக்கவே வேண்டாம்மா. போன வருஷம் மாதிரியே உக்காந்து கட்டு, போதும்."

ரோசம்மாள் காலிப் பெட்டியைக் கொண்டு வந்தாள். சுரூபங்களையும் வைக்கோலையும் பழைய புடவைத் துணியையும் பக்கத்தில் வைத்தாள். அம்மா, "இது என்ன கூத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். முதலில் ஆடு, பிறகு மாடு என்று கை தானாகச் சுற்றத் தொடங்கியது. வாய் ஏதோ பாட்டை முனகியது. ஒரு ராஜா உள்ளே போனார். இரண்டாம் ராஜா உள்ளே போனார்.

அம்மாவின் கை நின்றது. இன்னொரு துணியை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

அங்கே ஒரு கூடை உண்டு. 'ஞாயித்துக்கிழமை பாத்துக்கறேன்' என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சேர்த்த ரிப்பேர் சாமான்கள் அதில் கிடந்தன. கம்பி உடைந்த குடை, கண்ணாடி போன அரிக்கேன் விளக்கு, காது இல்லாத வாணலி... எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கைக்குட்டை மூட்டை.

பிரித்தால், உள்ளே மூன்றாவது ராஜா! கை தோளோடு உடைந்து, பக்கத்திலேயே கிடந்தது.

"அட ஆமா! கட்டறப்போ கைதவறி விழுந்து உடைஞ்சுபோச்சு. அப்பா ஒட்டித் தருவார்னு இங்க வெச்சேன்" என்றார் அம்மா.

அப்பா சட்டென்று பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கிளம்பு அண்ணே" என்றாள் ரோசம்மாள்.

"எங்கே?"

"உனக்குத் தெரியும்."

காத்தான் வீட்டு வாசலில் பானை சட்டிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அருள்நாதன் ராஜாவை நீட்டினான். ஸ்டேஷன் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவன், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னான்.

"செல்லக்கிளி, தப்பு என் பேர்லதான். ராஜா எங்க வீட்டிலேயேதான் இருந்தாரு. அநியாயமா உன்னைச் சொல்லிட்டோம். மன்னிச்சுக்கம்மா."

செல்லக்கிளி ராஜாவையே பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நிஜமாவா அண்ணே? நான் எடுக்கலையா?"

"நீ எடுக்கலைன்னு உனக்கே தெரியாதா?" என்றாள் ரோசம்மாள் திகைத்துப்போய்.

"எல்லாரும் சொன்னதும் எனக்கே சந்தேகமாப் போச்சுடி. பாவாடையில முடிஞ்சுக்கிட்டு வந்த மாதிரியே இருந்துச்சு. மூட்டையெல்லாம் பிரிச்சு உதறிப் பாத்தேன்."

ரோசம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். அருள்நாதன் குதிரையின் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பா கையை ஒட்டிவிட்டார். ஒட்டும்போது அவசரப்பட்டதில், பெட்டியை நீட்ட வேண்டிய கை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டது.

மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து காத்தானின் வண்டியில் செல்லக்கிளி வந்து இறங்கினாள். இறங்கியதுமே, அண்ணன் பரீட்சையில் 'தூக்கம்' சொல்லி மாட்டிக்கொண்ட கதையை ரோசம்மாள் அவளுக்குச் சொல்லிவிட்டாள். கடைசிச் சாண் தூரம் ராஜாக்களை அவள்தான் நகர்த்த வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. ஒவ்வொருவராகத் தூக்கிக் குடிலின் முன்னால் வைத்தாள். மூன்றாவது ராஜா, "வந்துட்டேன், வந்துட்டேன்!" என்பதுபோல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அட, இவரு எப்பவுமே இப்படித்தான் கையத் தூக்கிக்கிட்டு நிப்பாரு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!" என்றான் அருள்நாதன்.

ரோசம்மாளும் செல்லக்கிளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில், "தூக்கம்!"