நொண்டாத காலடி

திங்கட்கிழமை காலை மைதிலியின் தூக்கம் கலைந்தது மகளின் காலடிச் சத்தத்தில். மூன்று வருடமாக அவள் காதுக்குப் பழகிய சத்தம் வேறு. வலது கால் அழுத்தமாக விழும். இடது கால் சிமெண்டுத் தரையை உரசிக்கொண்டு பின்னால் வரும். நடுநடுவே சுவரைப் பிடித்துக்கொள்ளும் கையின் சரசரப்பு கேட்கும். அன்றோ இரண்டு கால்களும் ஒரே சீராக விழுந்தன. டப், டப், டப். சுவரில் கை படவே இல்லை.

எழுந்து ஓடிப் பார்த்தாள். எட்டு வயது பூங்குழலி சமையலறையில் குந்தி உட்கார்ந்து பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். குந்தி! ஐந்து வயதிலிருந்து முழங்காலை மடக்க முடியாத பிள்ளை. பூனை பாலைத் தொடவில்லை. அடுப்புக்கடியில் பதுங்கிக் கிடந்தது.

"வலிக்கலம்மா" என்றாள் குழலி.

மைதிலி அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டாள். எந்தத் தாய்தான் அழமாட்டாள்? அதுவும் இந்தத் தாய். வெள்ளை அணுக்கள் ஏன் சொந்த உடம்பையே எதிரியாக நினைத்து வீங்க வைக்கின்றன என்ற ஒரே கேள்வியில் பதினான்கு வருடத்தைக் கரைத்த ஆராய்ச்சியாளர் அவள். அந்த நோய் எத்தனையோ வீடுகளை விட்டுவிட்டு அவள் வீட்டுக்கே வந்து, பெற்ற மகளின் மூட்டுகளில் குடியேறியது. "உன் உடம்புக்குள்ள இருக்கற காவல்காரன் வீட்டுக்காரனையே அடிக்கறான் கண்ணு" என்று மகளுக்குப் புரியும்படி சொல்லி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் ஊசி. வெள்ளிக்கிழமை தோறும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு ஓலம்.

கட்டிக்கொண்டபோது குழலியின் தலையில் வழக்கமான தைல வாசனை இல்லை. நறுக்கிய பச்சைக் கிழங்கின் வாசனை அடித்தது.

அது நேற்றைய வாசனையாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். வாழவந்தி நாடு என்ற அந்த மலையூரில் ஆய்வு நிலையமும் குடியிருப்பும் ஒரே கட்டடம். முன்னால் ஆய்வகம், பின்னால் வீடு. வீட்டை ஒட்டி மரவள்ளி போட்ட குச்சிக்கிழங்குக் காடு. ஞாயிறு மாலை குழலி அதன் ஓரமாக நின்றிருந்தபோது மூடுபனி இறங்கியது. பத்தடியில் நின்ற மகள் காணாமல் போனாள். நாற்பது நிமிடம் மைதிலி தொண்டை கிழியக் கத்தினாள். பனி விலகியபோது குழலி பஸ் நிற்கும் வளைவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். கிடைத்தாளே, அது போதும் என்று தூக்கி வந்தவள் வேறு எதையும் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். விரல்களைப் பார்த்தாள். நோய் சில சமயம் தானாக அடங்கும், வீக்கம் வடியும். அதெல்லாம் அவளே எழுதிய விஷயம்தான். ஆனால் திருகிப்போன விரல் ஒரே இரவில் நேராகாது. மகளின் பத்து விரல்களும் பென்சில் போல நேராக இருந்தன.

சமையலுக்கு வரும் சென்னம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குழலி முற்றத்தில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, பாப்பா நொண்டாம குதிக்குதுங்களே."

"நல்லாயிடுச்சு சென்னம்மா."

சென்னம்மாள் சிரிக்கவில்லை. "வலிய எங்கீங்க வெச்சுட்டு வந்துச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள். மைதிலிக்குக் கோபம் வந்தது. இந்த வார்த்தை சொல்லவா உன்னை வேலைக்கு வைத்தேன் என்று அவளைக் கடிந்துகொண்டாள். கடிந்த குரலில் தன் பயமும் சேர்ந்திருந்தது அவளுக்கே தெரிந்தது.

அன்றே ரத்தம் எடுத்தாள். மாதாமாதம் எடுப்பதுதானே. ஊசியைக் கண்டால் வீட்டை இரண்டாக்கும் குழலி, தன் ரத்தம் குழாயில் ஏறுவதைத் தலையைச் சாய்த்து ரசித்துப் பார்த்தாள். ஊசியை உருவிய இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

சோதனை சுலபமானது. போன மாதம் குழலியிடம் எடுத்த வெள்ளை அணுக்கள் திரவ நைட்ரஜனில் உறைந்து கிடந்தன. அவற்றை உயிர்ப்பித்து, சோதனைத் தட்டின் ஒரு குழியில் தனியாக விட்டாள். இன்னொரு குழியில் அதே பழைய அணுக்களோடு, பச்சைச் சாயம் ஏற்றிய புது அணுக்களைச் சேர்த்தாள். ஒரே பிள்ளையின் ரத்தம் என்றால் இரண்டும் சேர்ந்து சும்மா கிடக்கும். அந்நியம் என்றால் பழையவை பல்கிப் பெருகி வளைத்துக்கொள்ளும். ஐந்து நாள் ஆகும். உதவியாளர் ஆரோக்கியராஜ் யாருடைய ரத்தம் என்று கேட்டதற்கு, குழாயின் மேல் ஓர் எண்ணை மட்டும் எழுதினாள்.

அந்த ஐந்து நாளும் வீடு முழுக்க சீரான காலடி. டப், டப், டப். மாடிப்படியில். குளியலறையில். அவள் கட்டிலைச் சுற்றி. வெள்ளிக்கிழமை வந்தது, ஊசி தேவைப்படவில்லை. மருந்துக் குப்பி குளிர்பெட்டியில் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை சென்னம்மாள் சம்பளம்கூடக் கேட்காமல் வேலையை விட்டாள். வாசலுக்கு வெளியிலிருந்தே சொன்னாள்:

"கெழங்குக் காட்டுல அஞ்சாறு நாளா ஒரு பிள்ளை அழுகற சத்தம் கேக்குதுங்க. போய்ப் பாத்தா ஆருமில்லீங்க. பனி எறங்குனா மட்டும் கேக்குதுங்க."

மதியம் ஆரோக்கியராஜும் பஸ் ஏறிக் கீழே ஊருக்குப் போய்விட்டார். மூன்று மணிக்கு மைதிலி ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தாள்.

முதல் குழி. பழைய அணுக்கள் மட்டும். அமைதி.

இரண்டாவது குழி.

பழையவை பெருகியிருந்தன. கொத்துக் கொத்தாகத் திரண்டு, ஊரே கூடி வளைத்துக்கொண்டது போல் பச்சையைச் சூழ்ந்திருந்தன. இந்த அணுக்கள் சொந்த மூட்டையே அடித்தவைதானே, இப்போதும் சொந்தத்தைத்தான் அடிக்கின்றன என்று தனக்குத்தானே வாதாடினாள். வாதம் நிற்கவில்லை. முதல் குழி அமைதியாக இருந்தது. தமக்குள் அவை சண்டையிடவில்லை. பக்கத்துக் குழிக்கு வந்தது சொந்தமில்லை.

பச்சை அணுக்கள் எதிர்க்கவில்லை. சாகவும் இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். அசையாமல் காத்திருந்தன.

குழாய் எண்ணைச் சரிபார்த்தாள். மறுபடி சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் உறைந்த குழாய்க்குச் சொந்தக்காரி எங்கே? ஆறு நாளாக எங்கே?

ஜன்னலில் பனி ஏறிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் ஓடினாள். குழலி சம்மணமிட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. பூனையைக் காணோம். பச்சைக் கிழங்கு வாசனை அறை முழுக்க நின்றது.

அப்போது வெளியே கேட்டது.

ஒரு அழுத்தம். ஒரு உரசல். சுவரில் கையின் சரசரப்பு.

அழுத்தம். உரசல். சரசரப்பு.

சத்தம் வீட்டின் பின்புறச் சுவரோடு வந்து, மூலை திரும்பி, கதவருகே நின்றது.

"அம்மா…"

அந்தக் குரலை மைதிலி எந்தக் கூட்டத்திலும் பிரித்துக் கேட்பாள்.

"அம்மா, முட்டி வலிக்குதும்மா. வெள்ளிக்கிழம போயிடுச்சும்மா. ஊசி போடும்மா. அழமாட்டேன்."

கை தாழ்ப்பாளுக்குப் போனது. குளிர்பெட்டியில் மருந்து இருக்கிறது. இரண்டே எட்டு.

"தொறக்காதம்மா."

உள்ளே இருந்தவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். டப், டப், டப். பயமே இல்லாத முகம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நேரான விரல்கள், வீக்கமில்லாத மணிக்கட்டு. மூன்று வருடம் ஒவ்வொரு இரவும் மைதிலி வேண்டிக்கொண்ட அதே கை.

"அவ உள்ள வந்தா எனக்குத் திரும்ப வலிக்கும்மா."

கதவின் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்தது. சின்னக் கை. திருகிய விரல்கள். சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அந்த வளைவை அவள் மாதாமாதம் அளந்து குறித்து வைத்திருக்கிறாள்.

"அம்மா, தெரியுதாம்மா? நாந்தாம்மா."

தெரிந்தது. மைதிலிக்கு நன்றாகத் தெரிந்தது.

கை தாழ்ப்பாளை விட்டது. பிறகு மேலே போனது. மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.

கதவில் முதுகை வைத்துச் சரிந்து உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவள் வந்து, கால்களை அழகாக மடக்கி, அவள் மடியில் உட்கார்ந்துகொண்டாள். கனமே இல்லை.

வெளியே தட்டத் தொடங்கியது. முதலில் மைதிலியின் தலைக்கு மேலே. கொஞ்ச நேரத்தில் பிடரிக்கு நேராக. கையைத் தூக்க முடியாத பிள்ளை அது. தோளுக்கு இறங்கியது. நடு முதுகுக்கு.

மடியில் இருந்தவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு நேரான விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

இடுப்புக்கு இறங்கியது. அப்புறம் தரையோடு தரையாக, கதவின் கீழ் விளிம்பில், நகத்தால்.