ஒன்பதாவது சானல்

ஒன்பதாவது சானலில் எதுவும் செருகப்பட்டிருக்கவில்லை. ஆனாலும் கணினித் திரையில் அதன் ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல எழுந்து, மெல்லத் தணிந்தது.

பிரவீணன் முதலில் வயரைத்தான் சந்தேகித்தான். கிங்ஸ்பரியில் இருந்த வீட்டின் அந்தச் சின்ன அறையில், குரலைக் கணினிக்குள் வாங்கும் அவனுடைய எட்டு சானல் ஆடியோ இன்டர்பேஸும், துஷ்யா பாடும்போது பாவித்த சிறிய சிவப்பு இன்டர்பேஸும் அன்றுதான் முதல்முறையாக ஒரே மென்பொருளில் இணைந்திருந்தன. அவளுடைய பெட்டியின் சானல்தான் ஒன்பதாவது. அவள் பாதியில் விட்டுப்போன பாட்டை அவளுடைய பெட்டியின் வழியாகவே, அவளுடைய ஹெட்போனிலேயே கேட்டு முடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. இரண்டு பெட்டிகளும் பிசகாமல் ஓட, ஒன்றின் கடிகாரத்தை மற்றது பின்பற்ற வேண்டும். எதனுடையதை என்று மென்பொருள் கேட்டது. செத்துப்போன மனைவியுடையதைத் தேர்ந்தான்.

பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிட்ட மார்கழி வானம், ரேடியேட்டரில் காய்ந்த தூசியின் மணம், கதிரையில் கிடந்த ஹெட்போனின் பஞ்சில் இன்னும் போகாத அவளுடைய தலையெண்ணெய் வாசம், தூரத்தில் ஜூபிலி ரயில் தண்டவாளத்தை உரசிப் போகும் சத்தம், இவை எல்லாவற்றுக்கும் நடுவே அந்தக் கோடு மட்டும் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு போல. மாசியில் ஆஸ்பத்திரியில் அவன் பார்த்திருக்கவே நின்றுபோன அவளுடைய அதே இளைப்பு மூச்சு.

அந்தச் சானலை ஸ்பீக்கருக்குத் திறந்துவிட்டான்.

"இஞ்சாருங்கோ..."

துஷ்யாவின் குரல். அவளுடைய ஹெட்போனுக்குப் போகும் அவுட்புட்டில், எட்டாவது சானலில் இருந்த தன் மைக்கைச் சேர்த்தான்.

"துஷ்யா, நான் கதைக்கிறது கேக்குதோ?"

"ஓம். இஞ்ச ஒரே இருட்டு. கதைச்சுக்கொண்டே இருங்கோ. உங்கட குரலைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

அவன் அழுதபடி கதைத்தான். "உம்மட கோட் இன்னும் கதவிலதான் தொங்குது. உம்மட தங்கச்சி கேட்டும் ஒரு சாறிகூடக் குடுக்கேல்லை. எப்பிடிக் குடுக்கிறது, சொல்லும்?" கதைக்கக் கதைக்க மூச்சு நெருங்கியது. இடது ஸ்பீக்கரிலிருந்து வலதுக்கு வந்தது.

அப்போது முதலாவது சானல் அசைந்தது. அதிலும் மைக் இல்லை. பிறகு இரண்டாவது. மூன்றாவது.

"துஷ்யா, உம்மோட ஆர் நிக்கினம்?"

"தெரியேல்லை. எனக்குப் பின்னால வருகினம். கதைக்காதேங்கோ. நிப்பாட்டுங்கோ. நீங்கள் கதைச்சா அவைக்கும் வழி தெரியும்."

எல்லாச் சானல்களையும் அணைக்க ஒரு பொத்தான். அழுத்தினால் போதும். எல்லாம் அடங்கிவிடும். அவளும்.

விரலைப் பொத்தானில் வைத்தான். குளிர்ந்துபோன அவளுடைய கையை அன்று ஆஸ்பத்திரியில் தாதி அவன் கையிலிருந்து பிரித்தெடுத்தது நினைவுக்கு வந்தது. விரலை எடுத்தான்.

"வாரும்," என்றான். "வாரும் துஷ்யா. நான் விடமாட்டன்."

அவனுடைய பெட்டியின் எட்டுக் கோடுகளும் உச்சத்தில் சிவப்பை முட்டின.

ஒன்பதாவது அணைந்தது.

"துஷ்யா?"

கதிரையில் ஹெட்போன் அசைந்தது. எழுந்தது. அவளுடைய உயரத்தைத் தாண்டியது. இன்னும் மேலே. கூரையை முட்டி நின்றது. முறியும் அளவுக்கு விரிந்து, கண்ணில் படாத ஏதோ பெரிய தலையைக் கவ்விக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல, அவனை நோக்கிக் குனிந்தது.