மரத்துப்போன உதடு

மழை விட்டிருந்த மாலையில் தங்கை கிளினிக்குக்கு வந்தாள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நேராக வந்து பல் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கே முடிச்சிடுக்கா."

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடத்தை வருடக்கணக்கில் அவள் கவனிக்கவில்லை. கீழ்த்தாடை எலும்பு அங்கே தேய்ந்துவிட்டது. புதுப் பல் பொருத்த வேண்டுமானால் முதலில் எலும்பு வைத்து வளர்க்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்த அறுவை எவ்வளவு சிக்கலானது என்று எடைபோட வேண்டும். இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. ஏனென்று என் உதட்டைக் கேளுங்கள்.

இது பெரிய டாக்டரின் கிளினிக். நான் அவரிடம் வேலை பழகியவள். எந்தத் தாடையைப் பார்த்தாலும் "சுலபம்தாம்மா" என்பார். என் தாடையைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். அவர் கத்தி வைத்ததில் நரம்பு அறுந்தது. அன்றிலிருந்து என் கீழுதட்டின் இடப்பக்கம் செத்துக் கிடக்கிறது. டீ வழிந்தால்கூட யாராவது சொன்னால்தான் துடைப்பேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய அந்த வார்த்தையை மட்டும் நான் இந்த அறைக்குள் விடுவதில்லை.

தங்கையின் ஸ்கேனைத் திரையில் போட்டேன். எலும்பு கத்தி விளிம்புபோல மெலிந்திருந்தது. அதற்குக் கீழே, ஒட்டினாற்போல, நரம்பு ஓடும் பாதை. கை கொஞ்சம் பிசகினால் இவளும் என்னைப்போல ஆயுசுக்கும் பாதி உதட்டோடுதான் திரிய வேண்டும்.

அப்போது கையுறைப் பவுடர் வாசனை அடித்தது.

பவுடர் போட்ட கையுறையை அவர் காலத்தோடு நிறுத்திவிட்டேன்.

நாற்காலி தானாக முனகிக்கொண்டே சாய்ந்தது.

"சுலபம்தாம்மா."

"பாத்தியா, நீயே சொல்லிட்டே" என்று சிரித்தபடி தங்கை வாயைத் திறந்தாள்.

நான் பேசவே இல்லை. ஆனால் கேட்டது என் குரல்தான். பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை என் முகத்துக்கு நேரே தூக்கினேன்.

உதட்டின் இடப்பக்கம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பயந்தேன், பொய் சொல்வானேன். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. என் உதட்டைக் கெடுத்தது போதாதா அவருக்கு? இப்போது அதையே இரவல் வாங்கி என் தங்கையை ஏமாற்ற வேண்டுமா?

அந்த உதட்டின்மேல் ஒரு விரல் அழுத்தியது. எத்தனையோ வருடம் கழித்து அங்கே நான் உணர்ந்த முதல் தொடுகை. பேசாதே என்பதுபோல் அது வாய்க்குள் நுழைந்தது.

கடித்தேன்.

தாடை வலிக்கும்வரை கடித்தேன். காதருகே யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.

"கஷ்டம்" என்றேன். "ரொம்பக் கஷ்டமான கேஸ். நான் கை வைக்க மாட்டேன். தாடை சர்ஜன்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். எழுந்திரு."

தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாள். கோபித்துக்கொள்ளட்டும், முழு உதட்டோடு கோபித்துக்கொள்ளட்டும்.

தொட்டியில் துப்பினேன். வெள்ளைப் பவுடர் படிந்த ரப்பர் துணுக்கு ஒன்று விழுந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டு, அது சுழன்று மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். உதட்டின் இடப்பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது.

சிரிக்கட்டும். அதற்குப் பின்னால் இருக்கிற பல் என்னுடையது.