நூறாவது ஒட்டுச்சொல்

கடல்மங்கலம் நூலகத்தில் திரையில் ஒரு நூலைத் திறந்தால், மூடுமுன் அதற்கு 'பிரமாதம்', 'அறுவை' என்று ஏதாவது ஒட்டுச்சொல் ஒன்று கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் நூல்திரை விடாது. அவசரக்காரர்களுக்காக, முன்பு பலர் கொடுத்த சொல்லையே பரிந்துரைப்பான் முதலில் காட்டும். அதைத் தொட்டுவிட்டு ஊரே போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே ரசனை என்று அந்தக் கருவி நம்பிவிட்டது, பாவம். எந்தக் கடையில் சாப்பிடலாம், எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்றுகூட இப்போது அதைத்தான் கேட்டார்கள்.

'அறுவை' என்று நூறு பேர் சொன்ன நூல் அழிந்துவிடும்.

"அக்கா, என் வீட்டுக்காரர் எழுதுனது தொண்ணூத்தொன்பதுல நிக்குது. வேற பிரதியும் இல்ல," என்றாள் ஸ்டெல்லா.

அவள் கணவர் சவரிமுத்து, கடலோர அம்மோனியா ஆலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டுச் செத்தவர். நூலகர் திலகவதி பட்டியலைத் திறந்தாள். முதல் ஒட்டுச்சொல் அவளுடையது. ஒட்டுச்சொல் இல்லாமல் புது நூல் அடுக்கில் ஏறாது. அன்று நாற்பது நூல்கள் குவிந்து கிடந்தன. அகரவரிசையில் முதலில் நின்ற 'அறுவை'யையே எல்லாவற்றுக்கும் தட்டியிருந்தாள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. மாற்றவில்லை. அவளுக்கு முகம் எரிந்தது.

முதன்முறையாக அந்த நூலைப் படித்தாள். ஆலையின் மூன்றாவது தொட்டியின் வால்வு துருப்பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார் சவரிமுத்து. இந்தக் கோடைக்குத் தாங்காது. உடைந்தால் சங்கு ஊதாது, அதன் கம்பியும் அறுந்து கிடக்கிறது.

ஆலையின் பாதுகாப்பு அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த நூலைத் திறக்கச் சொன்னாள்.

"மேடம், முகப்புலயே அறுவைன்னு வருதே. சாவகாசமா பாக்கறேன்."

"சார், மூடாதீங்க!"

அவர் மூடிவிட்டார். மூட வேண்டுமென்றால் ஒரு சொல்லைத் தொடவேண்டும். முதலில் நின்றதைத் தொட்டிருப்பார். திலகவதியின் கண்ணெதிரே பக்கம் வெள்ளையானது.

"வால்வு உடைஞ்சா என்ன செய்யணும்னு அடுத்த பக்கத்துல இருக்குன்னு போட்டிருந்துச்சு, நான் இன்னும் புரட்டல. நீ படிச்சிருப்பியே ஸ்டெல்லா?"

"நான் எங்கக்கா படிச்சேன்? திறந்தாலே அழுகை வந்துரும். 'பிரமாதம்'னு போட்டு மூடிட்டேன்."

திலகவதி அதே அதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினாள். பதில் இல்லை. பதினோராம் நாள் நண்பகலில் மூக்கை அறுக்கும் நெடி வந்தது. சங்கு ஊதவில்லை. திலகவதியும் நூலகத்துக்கு வந்திருந்த ஸ்டெல்லாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது தெரு நிறைய ஜனம் கைத்திரையோடு நின்றது. எந்தப் பக்கம் ஓடுவது என்று பரிந்துரைப்பானைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ நாலு பேர் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே ஓடியிருந்தார்கள். அது மேற்கு என்றது. நாற்பது பேர் ஓடினார்கள், பிறகு நானூறு. இன்னும் உறுதியாக மேற்கு என்றது.

கடற்காற்றும் அந்த நெடியோடு மேற்கேதான் வீசிக்கொண்டிருந்தது.