பக்கத்தில் இருக்கும் ஆள்

மாமியார் அன்றைக்கு ஏழாவது வேலைக்குக் கூப்பிட்டபோது, மெக்கானிக் ஏதோ ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் என்றால் மனைவியைப் பெற்றவள் அல்ல. அந்த அம்மாள் பரம சாது. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் தங்கள் ஆட்களின் போனில் ஏற்றிவைத்திருந்த செயலிக்கு ஆட்கள் வைத்த பெயர் அது. வேலை வந்திருக்கிறது, ஏற்கிறாயா என்று ஒரு மணி. கிளம்பினாயா என்று ஒரு மணி. சேர்ந்தாயா, தொடங்கினாயா, முடித்தாயா? பதில் போடாவிட்டால் நச்சரித்தே ஆளைக் கொன்றுவிடும்.

லிஃப்ட் மெக்கானிக்கின் தலையெழுத்து, அவர் போகிற இடத்திலெல்லாம் லிஃப்ட் ஓடாது. காலையிலிருந்து ஆறு கட்டடம், ஒரு நாலாயிரம் படி. அவருடைய நிழல்கூட, 'நீ போ, நான் அப்புறம் வர்றேன்' என்று வழியில் எங்கோ உட்கார்ந்துவிட்டது.

ஏழாவது முகவரியைப் பார்த்ததும், ஆபீசில் ஆட்களின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"தங்கச்சி, அந்த ஒன்பது மாடியா? வேற யாரையாவது போடேன்."

"யாருண்ணே இருக்கா? ரெண்டு பேர் லீவு, ஒருத்தர் காய்ச்சல்ல படுத்துட்டாரு. உங்களைப் போட்டது மாமியார்தான், என்னைத் திட்டாதீங்க."

"லிஃப்டுக்கு அடியில, குழியில இறங்கற வேலைம்மா. கூட ஒரு ஆள் வேணும்."

"உதவிக்கு ஆள் கேட்டிருக்கேண்ணே. கிடைச்சா உங்களுக்கே மணி அடிக்கும்."

அவர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மழை பிடித்துக்கொண்டு பகலே மங்கிப்போயிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை. வாசலில் புதிதாக வந்த காவலாளி நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"மெயினை அணைச்சுட்டேன் சார். முடிஞ்சதும் சொல்லுங்க."

"உங்க போனுக்கே வரும்."

போன வருடமும் அப்படித்தான் வந்தது. இதே கட்டடம், இதே குழி. இறங்கியவர் பெயர் அவசரம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோனதால் செயலியிலும் அவசரம் என்றே பதிந்திருந்தார்கள். சோற்றை முதலில் விழுங்கிவிட்டு அப்புறம் மெல்லுகிற மனுஷன். மாமியாரின் வாயை அடைக்க, வேலை முடியும் முன்பே 'முடிந்தது' என்று அழுத்திவிடுவார். அவர் மட்டுமா? எல்லா ஆட்களும் அப்படித்தான் செய்தார்கள். அந்தச் செய்தி காவலாளிக்கும் போகும், போனதும் அவர் மெயினைப் போடுவார் என்பதை அன்றைக்கு அவசரம் மறந்துவிட்டார்.

லிஃப்ட் இறங்கிவிட்டது.

அவரையும் அவர் போனையும் தனித்தனியாக எடுக்க முடியவில்லை என்று சொன்னார்கள்.

மெக்கானிக் ஏணியில் இறங்கினார். பழைய எண்ணெய் நாற்றம். கணுக்கால் அளவு தண்ணீர். தலைக்கு மேலே நான்காவது மாடியில் இருட்டோடு இருட்டாகப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் வேலை நடந்தது.

மணி அடித்தது.

'உதவிக்கு ஆள் கிடைத்தது: அவசரம்.'

ஆபீசுக்குக் கூப்பிட்டார். கை எண்ணெயா வியர்வையா தெரியவில்லை, போன் வழுக்கியது.

"என்னம்மா விளையாட்டு இது?"

"ஐயோ, அவர் பேரை இன்னும் லிஸ்ட்லருந்து எடுக்கலண்ணே. இருக்கறவங்கள்ல பக்கத்துல இருக்கற ஆளை அதுவே போட்டுடும்..."

"பக்கத்துலன்னா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"பதினோரு அடின்னு காட்டுதுண்ணே."

"குழியே எட்டடிதான்மா."

"அண்ணே... இப்ப ஆறு."

தொடர்பு அறுந்தது.

'அவசரம் வந்து சேர்ந்தார்.'

அவருக்குப் பின்னால் தண்ணீர் சளக்கென்றது.

மெக்கானிக் திரும்பவில்லை. ஏணியைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து மாமியார், 'முடித்தீர்களா? முடித்தீர்களா?' என்று அலறத் தொடங்கியது. பல வருடப் பழக்கம். கட்டைவிரல் அவரைக் கேட்காமலே அழுத்திவிட்டது.

'முடிந்தது.'

மேலே காவலாளியின் போன் டிங்கென்றது.

நாற்காலி கிறீச்சிட்டது.

செருப்புச் சத்தம் மெயின் அறையை நோக்கி நடந்தது.

"போடாதீங்க! நான் உள்ள இருக்கேன்!" வாசல் தகரக் கூரையில் கொட்டிய மழை அவர் குரலைத் தின்றுவிட்டது. ஒரு படி ஏறினார். எண்ணெய்க் கால் வழுக்கி மறுபடி தண்ணீருக்குள் விழுந்தார். மெயின் அறைக் கதவு திறந்தது.

டிங்.

செருப்புச் சத்தம் நின்றது.

அவர் கையிலிருந்த போனும் ஒளிர்ந்தது. 'வேலை மறுபடி திறக்கப்பட்டது. திறந்தவர்: அவசரம்.'

மீண்டும் ஏணியில் கால் வைத்தார். மறுபடி வழுக்கியது. இந்த முறை விழவில்லை. ஐஸ் போன்ற ஓர் உள்ளங்கை குதிகாலுக்குக் கீழே வந்து தாங்கியது.

"மெதுவாண்ணே," என்றது, உயிரோடிருந்தவரை அந்த வார்த்தையையே சொல்லியிராத குரல்.

வெளியே வந்து விழுந்தவரைக் காவலாளி தூக்கி உட்காரவைத்தார். "என்ன சார் இது? முடிஞ்சுதுன்னு வந்துச்சு, போய் சுவிட்சுல கை வெச்சேன், உடனே முடியலைன்னு வருது. ரெண்டுல எதை நம்பறது?"

"ரெண்டாவதை," என்றார் மெக்கானிக்.

அன்று மாலையே ஆபீஸ் தங்கை அழுதுகொண்டே அவசரத்தின் பெயரை நீக்கினாள். நீக்கியதைப் படம் பிடித்தும் அனுப்பினாள்.

மறுநாள் காலை ஏழரை. மெக்கானிக் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து முதல் வேலையைத் திறந்தார். குழி வேலை. உதவிக்கு: அவசரம்.

தங்கையைக் கூப்பிடலாம். அவள் மறுபடி அழுவாள். அவளிடம் வேறு ஆளும் கிடையாது. முழங்கால் இப்போதே வலித்தது. பெருமூச்சு விட்டு 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார்.

'அவசரம் கிளம்பிவிட்டார்.'

ஸ்கூட்டரின் பின்பக்க ஸ்பிரிங் மெதுவாக, மிக மெதுவாக, அமுங்கியது.