முன் சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம்!

செல்போன் அலறியது.

மெர்சி எடுத்தாள்.

"ஏனுங்க... மெர்சி அம்மணிங்களா?"

ஆண் குரல். தகர டப்பாவுக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு கரகரப்பு.

"ஆமாங்க. சொல்லுங்க."

"பத்தரை மணிக்குத்தானுங்க கார் ஃபைனலு?"

"ஆமாங்க. டிக்கெட்டெல்லாம் கெடையாது, சும்மா வாங்க. வாரப்ப ஒரு தொப்பி கொண்டாந்துருங்க, வெயில் கொளுத்துது."

"நான் வரலீங்க. ஒண்ணு சொல்லிப்போடலாம்னுதான் கூப்புட்டேன். நீங்க பச்சை லைட்டைப் போட்டீங்கன்னா... ஒரு பொணம் உளுமுங்க!"

"யா... யாருங்க நீங்க?"

"நிறுத்திப்போடுங்க அம்மணி. வெச்சரட்டுங்களா?"

வைத்தே விட்டான்!

கொங்கு நாட்டில் கொலை மிரட்டலுக்குக்கூட ஒரு 'ங்க' உண்டு. அந்த மரியாதையைக் கேட்டுத்தான் மெர்சிக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

மணி ஒன்பது இருபது.

கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். மூடிக்கிடக்கும் ஒரு நூல் மில். அதன் பின்பக்கம், லாரிகளுக்காகப் போட்ட நேரான சிமெண்ட் ரோடு. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே கால் மைல் பந்தயம். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மஞ்சள் விளக்கு இரண்டு முறை. அப்புறம் பச்சை. நானூறு மீட்டரை முதலில் தாண்டியவன் ஜெயித்தான்.

எந்தச் சங்கத்தின் முத்திரையும் கிடையாது. பெரிய கம்பெனி பேனரும் கிடையாது. எல்லாமே மெர்சிதான்!

மெர்சிக்கு முப்பத்தாறு வயது. சரவணம்பட்டியில் வெல்டிங் பட்டறை. கேட்டில் அவள் கையால் பெயிண்ட் அடித்த போர்டு ஒன்று தொங்கியது.

'1. ஹெல்மெட் இல்லாதவனுக்கு வண்டி இல்லை. 2. குடித்தவனுக்குக் கேட் இல்லை. 3. பொது ரோட்டில் ரேஸ் ஓட்டியவன் எவனாக இருந்தாலும் ஆயுளுக்கும் வெளியே!'

போர்டுக்குப் பக்கத்தில் மாலை போட்ட ஒரு போட்டோ. நரசிம்மலு. இருபத்திரண்டு வயது. எல்லோருக்கும் சிம்மு. இரண்டு வருடம் முன்பு அவிநாசி பைபாஸில், யாரோ ஒருத்தனோடு தன் பைக்கில் ரேஸ் விட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. அந்த 'யாரோ' நிற்காமல் போய்விட்டான். இன்றுவரை சிக்கவில்லை.

சிம்முவின் அக்கா நேஹாதான் இங்கே டைமிங் மேஜை. விளக்கு பட்டன், கம்ப்யூட்டர், மைக், சாவிப் பெட்டி எல்லாம் அவள் பொறுப்பு. இனி ஒரு பையன் ரோட்டில் சாகக்கூடாது என்று இரண்டு பெண்களும் சேர்ந்து ஆரம்பித்ததுதான் இந்த ஞாயிறு.

மெர்சி மேஜைக்கு ஓடினாள்.

"நேஹா! எவனோ போன் பண்றான். பச்சை போட்டா பொணம் உளுமாம்!"

நேஹா கறுப்புக் கூலிங் கிளாஸுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நிறுத்திரலாம் மெர்சி."

"என்ன, பட்டுனு சொல்லிப்போட்ட?"

"பயமா இருக்குது. எனக்கும் ஒடம்பு செரியில்ல. காலைல லென்ஸ் போட்டதுலருந்து கண்ணு ஒரே எரிச்சல். நிறுத்திரு. போதும்."

பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. இனியாவும் அதையேதான் சொன்னாள்.

"கேன்சல் பண்ணுங்க மெர்சி. எதுக்கு வம்பு?"

"பண்ணலாமுங்க மேடம். நானூறு பசங்க நிக்கறானுங்க. இங்க கேட்டைச் சாத்துனா நேரா பைபாஸுக்குப் போவானுங்க. அங்க ஹெல்மெட்டும் இல்ல, ஆம்புலன்ஸும் இல்ல."

"அதுக்காக?"

"இன்னொண்ணுங்க. இன்னிக்கு போன் பண்ணிச் சொல்றவன், அடுத்த மாசம் சொல்லாம செய்வான். எனக்கு அவன் இன்னிக்கே வேணும். பத்தரை வரைக்கும் டைம் குடுங்க."

இனியா வாட்சைப் பார்த்தாள்.

"பத்தரை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது!"

ஆம்புலன்ஸில் சாய்ந்திருந்த டிரைவர் சாமுவேல் கொட்டாவி விட்டான்.

"இங்க வந்தா எனக்கு வேலையே இல்லீங்க மேடம். பதினாலு மாசமா வாரேன், ஒருத்தனுக்கு பிளாஸ்திரிகூட ஒட்டலீங்க!"

'இன்னிக்கும் ஒட்ட வேண்டாம் ஆண்டவரே' என்று மெர்சி மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஏன் தெரியுமா? ஃபைனலுக்கு நிற்பது இரண்டே பேர். ஒருத்தன் தேஜா, சூலூர்க்காரன். இன்னொருத்தன் கதிர்.

கதிர் அவள் தம்பி! அப்பா அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருப்பது அவன் ஒருத்தன்தான். அந்தப் பிணம் அவனாக இருந்துவிட்டால்?

பஞ்சு கோடவுனுக்கு ஓடினாள்.

ஃபைனல் கார்கள் இரண்டையும் சனிக்கிழமை மதியமே சோதனை போட்டுப் பூட்டிவிடுவது வழக்கம். அப்புறம் ஓட்டுகிறவனேகூடத் தொடக் கூடாது. பூட்டுவதற்கு முன்னால் டீக்கடை ராசாத்தாள் வருவாள். ஒவ்வொரு காரின் முன் சக்கரத்துக்கும் ஒரு எலுமிச்சம்பழம் குங்குமம் தொட்டு வைப்பாள். மறுநாள் பழத்தை நசுக்கிக்கொண்டுதான் கார் வெளியே கிளம்பும். நடத்துகிறவள் வேதக்காரியாக இருந்தால் என்ன? எலுமிச்சம்பழம் இல்லாமல் கோயமுத்தூரில் எந்த வண்டி கிளம்பியிருக்கிறது!

தேஜாவின் சிவப்புக் கார். குனிந்து, படுத்து, தட்டிப் பார்த்தாள். சுத்தம்.

கதிரின் வெள்ளைக் கார். எஞ்சின் சரி. பிரேக் சரி. பெட்ரோல் குழாய் சரி.

"என்னுங்க அம்மணி தேடறீங்க?" டீ டம்ளரோடு ராசாத்தாள் வந்து நின்றாள்.

"தெரியலீங்கக்கா. ஆரோ எதையோ பண்ணிருக்கான்."

ராசாத்தாள் குனிந்தாள். புருவம் சுருங்கியது.

"ஏனுங்க... இந்தப் பக்கத்துப் பழம் நான் வெச்சதில்லீங்களே!"

"என்ன சொல்றீங்க?"

"என்ற பழம் ஒரே சைசுங்க. எங்கூட்டு மரத்துக் காய். இது பெருசா இருக்குது பாருங்க. குங்குமப் பொட்டும் இல்ல, என்னமோ சேப்பா பூசி வெச்சிருக்குது."

மெர்சி பழத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கோடவுன் அனலில் வேர்வை வழிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஆ...!"

கண்ணில் நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது!

ராசாத்தாள் டம்ளர் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினாள். பழத்தை வாங்கி மோந்தாள். முகம் வெளுத்துப்போனது.

"மொளகாய்ங்க அம்மணி! அரைச்ச மொளகாய்! ஆனைமலை மாசாணியாத்தா கோயில்ல அரைப்பாங்கல்ல... 'என்ற ஊட்டுக்கு அநியாயம் பண்ணுனவனைக் கேளு ஆத்தா'னு... அந்தக் கையோட இந்தப் பழத்தைத் தொட்டிருக்காங்க!"

மெர்சி ஜாக்கியை இழுத்தாள். இடது முன் சக்கரத்தைக் கழற்றினாள்.

குனிந்து பார்த்தாள்.

நான்கு வீல் போல்ட்டில் மூன்று, பாதிக்கு மேல் அறுபட்டிருந்தது! ஆக்ஸா பிளேடின் வேலை. தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் தெரியாது. நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் தனி வழி போகும். கதிர் தனி வழி போவான்!

"ஆத்தா... ஆருங்க இந்தப் பாவத்தைப் பண்ணுனது?"

"பூட்டை உடைக்கலீங்கக்கா. சாவி போட்டுத் தொறந்திருக்காங்க."

சாவிப் பெட்டி யாரிடம்?

காலையிலிருந்து கண் எரிகிறது என்று சொன்னது யார்?

வேண்டாம்... அவளாக இருக்கக்கூடாது... பதினாலு மாதமாக ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள் அவள்!

"ராசாத்தாக்கா, இங்க பாத்ததை எஸ்.ஐ. மேடத்துகிட்ட மட்டும் சொல்லுங்க. வேற ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது."

*

பத்து இருபத்தெட்டு.

மெர்சி மைக்கை வாங்கினாள். நேஹாவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்க்காமலே பேசினாள்.

"ஏனுங்க, எல்லாரும் கேளுங்க. கதிருக்கு ஒடம்பு செரியில்ல. அவன் வண்டிய நான் ஓட்டறேன்!"

கூட்டம் விசிலடித்தது.

"அக்கா, எனக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கறேன்!" கதிர் குதித்தான்.

"வாயை மூடிட்டு நில்லுடா."

"மெர்சி..." நேஹா எழுந்தாள். "நீ எதுக்கு? நீ வேண்டாம்..."

"ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா? பட்டனை அமுத்து நேஹா. நேரமாச்சு."

மெர்சி ஹெல்மெட்டை மாட்டினாள். பெல்ட்டை இறுக்கினாள். வெள்ளைக் கார் கோட்டில் போய் நின்றது. பக்கத்தில் தேஜாவின் சிவப்புக் கார் உறுமியது.

மஞ்சள்.

மஞ்சள்.

பச்சை...

வரவில்லை!

ஐந்து விநாடி. பத்து விநாடி. நானூறு பேரும் மேஜையைத் திரும்பிப் பார்த்தார்கள். நேஹாவின் விரல் பட்டன் மேலேயே நின்றிருந்தது.

அப்புறம் ஸ்பீக்கர் அலறியது.

"எறங்கு மெர்சி! எறங்கீரு! சக்கரம் களண்டுக்கும்! ஐயோ, எறங்கு!"

மைக் ஆனில் இருந்ததை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

மெர்சி எஞ்சினை அணைத்தாள். இறங்கினாள். மேஜைக்கு மெதுவாக நடந்து வந்தாள்.

"சக்கரம் களண்டுக்காது நேஹா. நாலு போல்ட்டும் புதுசு மாத்தியாச்சு. போன்ல பேசுனவன்கூட சக்கரம்னு சொல்லல. நானும் மேடத்தைத் தவிர ஆருகிட்டயும் சொல்லல. உனக்கு எப்படித் தெரியும்?"

நேஹா கூலிங் கிளாஸைக் கழற்றினாள். இரண்டு கண்ணும் வற்றல் மிளகாய் மாதிரி சிவந்து வீங்கியிருந்தன.

"நேத்து ஆனைமலைல அரைச்சேன். திரும்பி வந்து, சாயங்காலம் நீ டீ குடிக்கப் போன நேரத்துல அறுத்தேன். ஜாக்கிய எறக்கறப்ப ராசாத்தாக்கா பழம் நசுங்கிப்போச்சு. நசுங்கின பழம் கெடந்தா நீ கண்டுபிடிச்சுருவ. கைப்பையில கோயில்ல குடுத்த பழம்தான் இருந்துச்சு. அதை வெச்சுட்டேன்."

"போனு?"

"நாந்தான். குரல் மாத்தற ஆப்பு. காலைல எந்திரிச்சா மனசு கேக்கல. நீ நிறுத்திப்போட்டா அவன் பொழைச்சுப் போகட்டும்னு நெனச்சேன். நீ நிறுத்தல!"

இனியா கையில் விலங்கோடு முன்னால் வந்தாள்.

"கொலை முயற்சி. கெளம்புங்க."

"ஏண்டி?" மெர்சி கத்தினாள். "என்ற தம்பி உனக்கு என்னடி பண்ணுனான்? உன்ற சிம்முவும் அவனும் ஒண்ணாத் திரிஞ்சவங்கதானே!"

நேஹா சிரித்தாள். கண்ணீர் கொட்டியது.

"மூணு வாரத்துக்கு முன்னால உன்ற பட்டறைக்கு வந்தேன். பழைய இரும்புக் குவியல்ல ஒரு வெள்ளை பம்பர் கெடந்துச்சு. அதுல கிளிப்பச்சைப் பெயிண்ட்டு அப்பிக் கெடந்துச்சு. அந்தப் பச்சை எந்தக் கடையிலயும் கெடைக்காது மெர்சி. எங்க சிம்மு அவன் பைக்குக்கு அவனே கலந்து அடிச்ச கலரு!"

மெர்சியின் கண் கோட்டில் நின்ற வெள்ளைக் காரின் பம்பருக்குப் போனது.

இரண்டு வருடம் முன்பு... ஒரு விடியற்காலை. 'மாடு குறுக்க வந்துருச்சுக்கா' என்று வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான் கதிர். பம்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு பம்பர் வைத்து வெல்டிங் அடித்தது யார்?

அவளேதான்! அவள் கையேதான்!

"நீயும் தெரிஞ்சே மறைக்கறன்னு நெனச்சேன்" என்றாள் நேஹா. "இப்ப உன்ற மூஞ்சியப் பாத்தா தெரியுது. உனக்குத் தெரியாது."

மெர்சி திரும்பினாள்.

"கதிரு. அது மாடுதானா?"

கதிர் தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல! மாடுதானாடா?"

"அக்கா... பந்தயமாத்தான் போனோம். அவன் வண்டி ஆடிருச்சு... நான் வேணும்னு இடிக்கலக்கா..."

"நின்னியா?"

கதிர் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"இருபது நிமிஷம் உசுரோட கெடந்தானாமே! டாக்டர் சொன்னாரே! நின்னு ஒரு ஆம்புலன்ஸைக் கூப்புட்டியாடா?"

"பயந்துபோட்டேன்க்கா!"

மெர்சி தம்பியைப் பார்த்தாள். இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. காய்ச்சல் வந்தால் இன்னமும் அவள் மடியில்தான் படுப்பான். ஆனாலும் இனியா பக்கம் திரும்பினாள்.

"மேடம், அந்த பம்பரை எடைக்குப் போடலீங்க. என்ற பட்டறையில இன்னும் அப்படியே கெடக்குது. வந்து எடுத்துக்குங்க."

"அக்கா! என்னையக் காட்டிக் குடுக்கறியா?"

"கேட்டுல போர்டு தொங்குதே, மூணாவது ரூலைப் படிடா. உன்ற அக்கா எழுதுனதுதான்."

சொல்லிவிட்டு அங்கேயே சிமெண்ட் ரோட்டில் உட்கார்ந்து அழுதாள். நேஹாவின் கை அவள் தோளைத் தொட நீண்டது. மிளகாய் ஞாபகம் வந்ததோ என்னவோ, பாதியிலேயே நின்றுவிட்டது.

இனியா ஜீப்பை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தாள். உள்ளே இரண்டு கான்ஸ்டபிள்கள், பின்னால் தடுப்புக் கம்பிகள். இன்னும் ஒருத்தருக்குத்தான் இடம். கைதிகளோ இரண்டு பேர்!

சாமுவேல் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்தான்.

"ஒருத்தரை நம்ம வண்டியில ஏத்துங்க மேடம்! தம்பி அன்னிக்குத்தான் எங்களைக் கூப்புடாம போயிப்போட்டாரு... இன்னிக்காவது வரட்டுமுங்க!"