மூன்றாம் மாடித் தாழ்ப்பாள்

காலை எட்டு மணி. ஹேஸ்டிங்ஸ் தெரு விடுதியில் முதல் மாடிப் பொதுக் குளியலறையின் தாழ்ப்பாளைக் காணோம். இரண்டாம் மாடியிலும் அதே கதை. கதவில் திருகாணித் துளைகள்தான் மிச்சம்.

மேலாளர் ஷெல்லி நேராக க்ளைவிடம் போனாள். பழைய இரும்பு பொறுக்கி விற்கிறவன் அவன்.

"மூட்டையைக் கட்டு. திருடனுக்கு இங்க அறை கிடையாது."

"சத்தியமா நான் எடுக்கலம்மா! மறுபடியும் கூடாரத்துக்கா? இந்தக் குளிர்லயா?"

எதிர் அறைக்காரி பெர்னடெட் எட்டிப்பார்த்தாள். குடியில் வேலையைத் தொலைக்கும்வரை பெரிய கடையொன்றில் திருடர்களைப் பிடித்தவள். பழைய பரபரப்பு உடம்பில் ஏறியது.

"அதே கதவுல பித்தளைக் கைப்பிடி அப்படியே இருக்கு, ஷெல்லி. எடைக்குப் போடறவன் அதை விட்டுட்டு இத்துனூண்டு தாழ்ப்பாளையா கழட்டுவான்? மத்த மாடி?"

"மூணும் நாலும் பத்திரம். இப்பதான் பாத்தேன்."

"சாயங்காலம்வரை இவனை விடு. ஆளைக் காட்டறேன்."

மூன்றாம் மாடியில் பெர்னடெட் தட்டியதும் டோரீன் கதவைப் பாதிதான் திறந்தாள். வசந்தத்தில் நண்பன் மார்லன் போதைமருந்து மிஞ்சிச் செத்ததிலிருந்து அவள் யாரோடும் ஒட்டுவதில்லை.

"ராத்திரி ஏதாவது சத்தம்?"

"கேக்கல."

"யாராவது நடமாடினாங்களா?"

"உனக்கு வேற வேலை இல்லையா, போலீஸ்காரி?"

பதினொன்றரை. மூன்றாம் மாடியில் அலறல்.

"குளியலறையில நம்ம மாடி லாயிட் விழுந்த சத்தம்! கூப்பிட்டா பதிலே இல்ல!"

"கடப்பாரை! கடப்பாரை கொண்டாங்க!"

ஷெல்லி கீழே ஓடினாள். டோரீன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கையில், போதை மிஞ்சியவர்களைப் பிழைக்கவைக்க மூக்கில் அடிக்கும் மருந்து. ஒரே தள்ளு. கதவு திறந்தது. லாயிட்டின் உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்தை அடித்தாள். அசைவில்லை. மறுபடி அடித்தாள். பெர்னடெட் அவன் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

லாயிட் இருமினான். "எவன்டா என்னை எழுப்பினது?"

ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிப் போனதும் பெர்னடெட் திரும்பினாள்.

"தாழ்ப்பாளை எடுத்தது நீதான், டோரீன். காலைல இங்க தாழ்ப்பாள் இருந்துச்சு. அது போனது எங்க யாருக்கும் தெரியாது. அதான் எல்லாரும் கடப்பாரைன்னு கத்தினோம். நீ மட்டும் யோசிக்கவே இல்ல. நேரா தள்ளின."

டோரீன் கோட்டுப் பையிலிருந்து மூன்று தாழ்ப்பாள்களை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தாழ்ப்பாள் போட்ட குளியலறைக்குள்ள மார்லன் மூச்சுவிட்டது எனக்குக் கேட்டுது. கடப்பாரை வர்றதுக்குள்ள நின்னுடுச்சு." க்ளைவைப் பார்த்தாள். "க்ளைவ் தலையில விழும்னு நெனைக்கல. நானே போயிடறேன்."

ஷெல்லி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தாள்.

"க்ளைவ், மன்னிச்சுக்கோ. மூட்டையைப் பிரி. வெளியிலிருந்து திறக்கிற பூட்டு வரும். அதுவரைக்கும் உள்ள போறவங்க சத்தமா பாடுங்க."

"நான் பாடினா நாளைக்கே பூட்டு வந்துடும்," என்றான் க்ளைவ்.

ஷெல்லி டோரீன் பக்கம் கையை நீட்டினாள்.

"திருப்புளியைக் குடு. நாலாம் மாடி பாக்கி."